ஐந்தாவது கேள்விக்கு எழுதிய பதில்

அந்தப் பாத்திரம் என் வீட்டுக்கு வந்திருக்க வேண்டியது.

இப்படி ஒரு நினைப்பு தனக்குள் எழுந்ததைக் கவனித்ததும் வெர்னாவுக்குக் கூச்சமாகிவிட்டது. மின்னாரா என்ற அந்தச் சின்ன ஊரின் ஒரே கடையில், தபால் பெட்டிகளுக்குப் பக்கத்து ஜன்னலோரம் அவள் நின்றிருந்தாள். தெருவின் அந்தப் பக்கம், வெள்ளித்தாள் போர்த்திய கண்ணாடிப் பாத்திரத்தை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு கெய்லீன் போய்க்கொண்டிருந்தாள். ஐரிஸ் வீட்டு வேலிக் கதவை முழங்காலால் தள்ளித் திறந்து உள்ளே நுழைந்தாள். இந்த மாதத்தில் அந்தக் கதவுக்குள் போன ஒன்பதாவது பாத்திரம். எண்ண வேண்டும் என்று வெர்னா எண்ணவில்லை. ஜன்னல் அங்கே இருந்தது, அவளும் அங்கே இருந்தாள்.

மின்னாராவில் எந்த வீட்டுக்கு எப்போது சாப்பாட்டுப் பாத்திரம் போகும் என்பதற்கு எழுதாத ஓர் ஒழுங்கு உண்டு. சாவு விழுந்தால் போகும். பிள்ளை பிறந்தால் போகும். ஆபரேஷன் ஆகி ஆள் வீடு திரும்பினால், வயலில் தீப்பிடித்தால், கோதுமை அறுக்கிற நேரத்தில் வீட்டுக்காரிக்குக் கை ஒடிந்தால் போகும். கணவன் உயிரோடு இருந்து, தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு முதியோர் இல்லத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் போகாது. கூடாது என்று யாரும் சொல்லவில்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவள் கணவர் ராஸ் நினைவு தப்பி அங்கே போய் நான்கு வருடம் ஆகிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வெர்னா காரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். சென்ற வருடம் வரை அவர் அவளை "அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இப்போது எதுவும் கூப்பிடுவதில்லை.

கடையின் கல்லாவுக்கு அருகே, ரொட்டிக் கூடைக்கும் பூட்டுச் சாவி அட்டைக்கும் நடுவே, பெத்தரிக் அறக்கட்டளையின் ஆண்டு மலர் கிடந்தது. மெல்லிய புத்தகம்தான். ஊரே புரட்டியதில் பதினான்காம் பக்கம் தானாகவே திறந்துகொள்கிற அளவுக்கு மடிந்திருந்தது. அந்தப் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள்:

"எங்கள் ஊரில் ஒரு பெண் இரவுச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. சிங்க்குக்கு முன்னால் நின்றபடி வாணலியிலிருந்தே சாப்பிடுகிறாள். மேஜையில் ஒரு தட்டை மட்டும் வைத்தால் எதிர் நாற்காலி தன்னைப் பார்க்கிறது என்பாள். நின்றால் ஜன்னல் தெரிகிறது. வியாழக்கிழமை மதியம் நாலு பேரோடு ஒரு சாப்பாடு கிடைத்தால், வாரத்தில் ஒரு நாளாவது அவள் உட்கார்ந்து சாப்பிடுவாள்."

கீழே, மின்னாரா ஊர்மன்றக் குழு என்று இருந்தது.

எழுதியது வெர்னா. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருபத்தாறு வருடம் இருந்தவள், பள்ளியை மூடிய பிறகு ஊருக்கே எழுத்தரானாள். பெத்தரிக் அறக்கட்டளைக்கு மட்டும் பதினோரு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். ஆட்டு ரோமத்தில் சம்பாதித்து, பிள்ளையில்லாமல் செத்துப்போன ஓர் அண்ணனும் தங்கையும் விட்டுப்போன பணம் அது. பெரிய காரியங்களுக்குப் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள், நாங்கள் சின்னதுக்குத்தான் கொடுப்போம் என்று உயிலிலேயே எழுதி வைத்திருந்தார்களாம். மன்றத்துக் கூரைத் தகடு, வெந்நீர் அண்டா, தவழும் பிள்ளைகளுக்குப் பாய், தூரத்துப் பண்ணைகளிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் சின்ன பஸ்ஸுக்கு டீசல், எல்லாம் அவர்கள் தந்ததுதான். உயிலில் இன்னொன்றும் உண்டு. பணம் கொடுத்த ஊருக்கு அறங்காவலர்கள் ஒரு முறையாவது போய் அந்த ஜனங்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

விண்ணப்பத்தில் ஐந்து கேள்விகள். முதல் நான்கும் சுலபம். ஐந்தாவது இப்படி இருக்கும்: இந்த உதவியால் ஒரு மனிதருக்கு என்ன மாறும்? ஒரே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லுங்கள்.

பத்து முறை வெர்னா யாரையாவது பிடித்துப்போட்டு எழுதியிருக்கிறாள். பஸ் வந்ததால் பல் கட்டிக்கொள்ளப் போன ஒரு பெரியவர், பாய் வந்ததால் வீட்டைவிட்டு வெளியே வர ஆரம்பித்த ஓர் இளம் தாய். சென்ற அக்டோபரில், மன்றத்தில் வியாழன் மதியச் சாப்பாடு தொடங்கப் பணம் கேட்டு எழுதியபோது மட்டும் பேனா நிற்கவே இல்லை. பத்து நிமிடம்தான் ஆயிற்று. எழுதி முடித்துப் படித்துப் பார்த்து, "மூன்று வருடமாக" என்பதை மட்டும் அடித்தாள். அந்த ஒன்றை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தாள்.

யாருக்கும் தெரியவில்லைதான். ஊரில் தனியாக இருக்கிற பெண்களை ஒவ்வொருவராக யோசித்துப் பார்த்த மின்னாரா, இரண்டு வருடம் முன்னால் புருஷனைப் பறிகொடுத்த ஐரிஸ்தான் அது என்று முடிவு கட்டிவிட்டது. கட்டியதும் ஓவனைப் பற்றவைத்துவிட்டது. வெர்னாவின் பெயர் எவர் வாயிலும் வரவில்லை. அவள்தானே எல்லாருக்கும் எழுதுகிறவள்.

கடைக் கதவு மணி அடித்தது. கெய்லீன் வெறுங்கையோடு உள்ளே வந்தாள். மன்றக் குழுவுக்குத் தலைவி. ஐம்பது வயது, மூவாயிரம் ஆடு, யாரோடு பேசினாலும் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரோடு பேசுகிற குரல்.

"கதவ முழுசாத் திறக்கவே இல்ல வெர்னா. 'அங்க வச்சிட்டுப் போ'ன்னா. நாய்க்குச் சோறு வச்சிட்டு வந்த மாதிரி இருந்தது எனக்கு."

"வெட்கமா இருக்கும்," என்று கல்லாவுக்குப் பின்னாலிருந்து ட்ரெவ் சொன்னான். "எனக்கு ஒரு முட்டை அவிச்சுத் தர ஆள் இல்ல. நானும் நின்னுக்கிட்டுதான் சாப்பிடறேன். என்னப் பத்தி ஒரு வரி எழுதேன் வெர்னா."

"நீ கடைச் சாமான எடுத்துத் தின்னுட்டு நிக்கிறவன். உன்மேல பரிதாபப்படறதுக்கு ஊர்ல நேரமில்ல," என்றாள் கெய்லீன். பிறகு வெர்னாவின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். அவள் தாழ்த்தினாலும் ரொட்டிக் கூடைவரை கேட்கும். "அறக்கட்டளையிலேருந்து டாம்சின் ஃபோன் பண்ணினா. இந்த வியாழக்கிழமை வர்றாங்களாம், அவளும் அந்தப் பெரியவர் பெத்தரிக்கும். சாப்பாட்டுக்கு."

"வரட்டும். ஆட்டுக்கறி சொல்லிடலாம்."

"அது இல்ல விஷயம். நவம்பரோட நம்ம பணம் முடியுது. இனிமே வருஷா வருஷம் கொடுக்கப்போறதில்லையாம். மூணு ஊருக்கு மட்டும், மூணு வருஷத்துக்குச் சேர்த்துக் கொடுக்கப்போறாங்க. ஏழு ஊர் கேட்டிருக்கு. நம்மளுது கிடைச்சிரும் போல இருக்குன்னா. ஆனா அந்தப் பதினாலாம் பக்கத்துப் பொம்பள வந்து ரெண்டு வார்த்தை பேசினா நல்லதாம். படம் எடுத்து, ஆண்டு விழாவுல போடுவாங்களாம்."

வெர்னா தபால் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"நீதானே எழுதின. உன்கிட்டதானே ஐரிஸ் சொல்லியிருக்கா. நீ போய்க் கேளு. நான் கேட்டா கதவ மூடிருவா."

"இது கிடைக்கலன்னா?"

"கிடைக்கலன்னா வியாழக்கிழமை இல்ல. டீசலுக்கு யாரு தருவா? பஸ் இல்லாம அந்த வடக்குப் பண்ணை ஜனமெல்லாம் எப்படி வரும்? போய்க் கேளு, கண்ணு. நாலு வார்த்தைதானே."

வெளியே வந்தபோது காற்று தூசியைச் சுருட்டிக்கொண்டு தெருவில் போயிற்று. வியாழக்கிழமை இல்லை என்றால் என்ன என்று அவள் நடந்தபடியே நினைத்துப் பார்த்தாள். ஐம்பது பேர் சாப்பிடமாட்டார்கள் என்பது முதலில் வந்தது. அது குழுவின் பதில். அதற்கடியில் இருந்த பதில் நாலு வீடு தாண்டிய பிறகுதான் மேலே வந்தது: எனக்கு வாரத்தில் ஒரு நாள் இருந்தது, அதுவும் போகும்.

ஐரிஸ் வேலிக் கதவுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தாள். எழுபத்து நான்கு வயது, ஒல்லி, நெஞ்சு நிமிர்ந்த உடம்பு. கையில் ரோஜாச் செடி நறுக்குகிற கத்திரி.

"வெறுங்கையோட வந்திருக்கியா? உள்ள வா. பாத்திரத்தோட வந்திருந்தா இந்தக் கத்திரியாலேயே விரலை நறுக்கியிருப்பேன்."

சமையலறையில் மேஜைமேல் துணி விரித்திருந்தது. ஒரு தட்டு, கத்தி, முள்கரண்டி, வெள்ளி வளையத்துக்குள் சுருட்டி வைத்த கைத்துணி. மணி இன்னும் பதினொன்று ஆகவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு இப்போதே எடுத்து வைத்திருந்தாள்.

"பாத்துக்கோ," என்றாள் ஐரிஸ். "நல்லா பாத்துக்கோ. மெர்வ் செத்த அன்னிக்கு ராத்திரி கூட இந்தத் துணிய விரிச்சேன். அழுதேன், துணிய விரிச்சுட்டு அழுதேன். வாணலியோட நிக்கறதுக்கு நான் என்ன கொட்டகைல ஆடு மயிர் வெட்டறவளா?"

ஃப்ரீசர் கதவைத் திறந்து காட்டினாள். மேலிருந்து கீழ்வரை வெள்ளித்தாள். ஒவ்வொன்றிலும் ஒட்டுத்தாளில் பெயர்.

"டூனா மீன் நாலு. கோழி மூணு. இன்னும் ரெண்டு என்னன்னு அதைச் செஞ்சவங்களுக்கே தெரியாது. என் ஐஸ்கிரீம் வைக்க இடமில்ல."

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. ஐரிஸ் சிரிக்கவில்லை. அவள் கதவை மெதுவாகச் சாத்தினாள்.

"சிரி. உனக்கென்ன. சர்ச்சில என் கையப் பிடிச்சு அழுத்தறாங்க. கடையில ட்ரெவ் தக்காளி ரெண்டு கூடப் போடறான். நான் பேசிக்கிட்டே இருக்கறப்ப என் வாயப் பாக்கறாங்க, சாப்பிட்டாளா இல்லையான்னு. ரெண்டு வருஷம் தலை நிமிந்து நடந்தேன் வெர்னா. அதை ஒரு பக்கத்துல எழுதிக் கவுத்துட்டே."

"நான் உன்னைப் பத்தி எழுதல."

"பின்னே யாரைப் பத்தி? கற்பனையா? கற்பனைன்னா அதைச் சொல்லு. வியாழக்கிழமை எல்லாரும் இருக்கறப்ப எழுந்து நின்னு சொல்லு, பணம் கிடைக்கணும்னு கதை கட்டினேன்னு."

"கதை இல்ல."

"அப்ப யாரு?"

வெர்னா நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். தான் இதுவரை எத்தனை பேரிடம் எத்தனை பேருக்காகக் கேட்டிருக்கிறோம் என்று சம்பந்தமில்லாமல் ஞாபகம் வந்தது. அவருக்குப் பஸ் வேண்டும், இவளுக்குப் பாய் வேண்டும், அந்த மன்றத்துக்குக் கூரை வேண்டும். சுலபமாக வரும். தனக்கென்று வருகிற வாக்கியத்துக்கு மட்டும் நாக்குப் பழகவே இல்லை. எழுதிவிட முடிந்தது, அது யாரென்று தெரியாத ஓர் ஆளுக்குப் போகிற காகிதம் என்பதால்.

"நான்தான்," என்றாள்.

ஐரிஸ் அவளைப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். விளையாட்டுத் திடலுக்கு அப்பால் வெர்னாவின் வீட்டுப் பின்பக்கமும், சிங்க்குக்கு மேலிருக்கிற அந்தச் சின்ன ஜன்னலும் தெரிந்தன.

"விளக்கு எரியும்," என்றாள் ஐரிஸ். "ராத்திரி ஏழு மணிக்கு நீ அங்க நிக்கறது இங்கேருந்து தெரியும். நாலு வருஷமாப் பாக்கறேன். நீ பாத்திரம் கழுவறதா நினைச்சேன். இந்தப் பொம்பளைக்குக் கழுவறதுக்கு எப்படி இவ்வளவு பாத்திரம்னு நினைச்சேன்."

வெர்னா நாற்காலி முதுகிலிருந்து கையை எடுத்தாள்.

"மெர்வ் போனப்ப நான் உன்கிட்ட எல்லாம் சொன்னேன்டி. படுக்கையில அவர் படுக்கற பக்கத்துல தலகாணிய வச்சிக்கிட்டதுவரைக்கும் சொன்னேன். நீ ஒரு வார்த்தை சொல்லல. பெத்தரிக்குக்கு எழுதற, எனக்குச் சொல்ல மாட்டேங்கற."

"உனக்குச் சாவு. எனக்கு என்னன்னு சொல்றது? அவர் இருக்காரே."

"இருக்கார்," என்றாள் ஐரிஸ். அதை அவள் ஒத்துக்கொண்டது போலவும் இருந்தது, ஒத்துக்கொள்ளாதது போலவும் இருந்தது. மேஜையடியிலிருந்து இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காரு. நீ என்னப் பாத்துக்கிட்டு உக்காரு, நாற்காலி உன்னப் பாக்காது."

தேநீர் போட்டாள். வெட்டிய கேக்கைத் தட்டில் வைத்தாள். கோபம் எங்கே போயிற்று என்று வெர்னா பார்த்தாள். போகவில்லை, வேறு பக்கம் திரும்பியிருந்தது. மேஜையைத் துடைக்கிற கையில் அது தெரிந்தது.

"ஒம்பது பொம்பளைங்க," என்றாள் ஐரிஸ். "ஒம்பது பேருக்கும் கண்ணு இருக்கு. எனக்கும் இருந்தது."

"வியாழக்கிழமை நான் எழுந்து சொல்லிடறேன், அது நீ இல்லன்னு."

"நான் இல்லன்னா அடுத்தது யாருன்னு தேடுவாங்க. இந்த ஊர்ல தனியா இருக்கறது எத்தன பேரு? விரல் விட்டு எண்ணினா ரெண்டாவது விரல் நீதான்." அவள் கைத்துணி வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பேசாம இரு. என் பேர்லயே இருக்கட்டும். டூனா தின்னுத் தொலைக்கறேன்."

அவள் அப்படிச் சொன்னது விளையாட்டாக. ஆனால் சொல்லும்போது தோள் கொஞ்சம் இறங்கியது. நாற்பது வருடமாக வெர்னா பார்த்த ஐரிஸின் தோள் ஒருபோதும் இறங்கியதில்லை.

வியாழக்கிழமை பதினொன்றரைக்கே பஸ் வந்துவிட்டது. வடக்குப் பண்ணைக்காரர்கள் சட்டைக் காலரை நீவியபடி இறங்கினார்கள். மன்றத்தில் மேஜைகள் நீளவாக்கில் போட்டிருந்தன. ஆட்டுக்கறி, பூசணி, உருளைக்கிழங்கு, புதினா சாஸ். கடைசியில் வெல்லப்பாகில் மிதக்கிற மாவு உருண்டை. அந்த அண்ணன் தங்கைக்குச் சொந்தக்காரரும் அறங்காவலருமான பெரியவர் ஹ்யூ பெத்தரிக் எண்பது வயதில் நாலு மணி நேரம் தானே கார் ஓட்டி வந்திருந்தார். கூரையை அண்ணாந்து பார்த்து, "நாம போட்ட தகடு ஒழுகுதா?" என்று கேட்டார். ஒழுகவில்லை என்று கெய்லீன் சொன்னதும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பிறகு பண்ணைக்காரர்கள் நடுவே உட்கார்ந்துகொண்டு, மழையைப் பற்றிப் பேசினார். இரண்டாம் தரம் உருண்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

டாம்சினுக்கு முப்பது வயது இருக்கும். அறக்கட்டளையில் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் அவள்தான். ரொட்டிக்கடைக்கு மாடியில் ஓர் அலுவலக அறை, வாரத்தில் மூன்று நாள் வேலை. வருகிற விண்ணப்பம் முழுவதையும் தானே படிப்பவள். சாப்பாட்டின்போது அவள் கண் அடிக்கடி ஐரிஸின் பக்கம் போயிற்று. கெய்லீன்தான் காட்டிக் கொடுத்திருக்க வேண்டும். ஐரிஸ் நேராக உட்கார்ந்து, கறியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, யாரையும் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த பெண் அவள் தட்டில் இன்னொரு கரண்டி பூசணி வைத்தாள். ஐரிஸ் "நன்றி" என்றாள். அந்தப் பூசணியையும் தின்றாள். வெர்னா தன் தட்டைத் தள்ளி வைத்தாள்.

சாப்பாடு முடிந்து சமையலறையில் பாத்திரம் குவிந்தபோது டாம்சின் உள்ளே வந்தாள். ஒரு துணியை எடுத்துக்கொண்டு தட்டுத் துடைக்க ஆரம்பித்தாள். கெய்லீன் வெந்நீரில் முழங்கைவரை கைவிட்டிருந்தாள்.

"வெர்னா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள் டாம்சின். "உங்க அஞ்சாவது பதிலைப் படிச்சிட்டு நான் உடனே எங்கம்மாவுக்கு ஃபோன் பண்ணினேன். மூணு வாரமாப் பேசவே இல்ல. 'என்னம்மா சாப்பிட்ட'ன்னு கேட்டேன். 'நின்னுக்கிட்டா, உக்காந்தா'ன்னு கேட்டேன். எங்கம்மாவுக்கு ஒண்ணும் புரியல."

வெர்னா அவளைப் பார்த்தாள். முகம் தெரியாமல் இருந்த அந்த ஆள் இவள்தான். காகிதம் போய்ச் சேர்ந்தது இந்தக் கைகளுக்குத்தான். அது நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கிறது என்று தெரிந்தபோது வெர்னாவுக்குள் ஏதோ இளகியது. இளகியதாலேயே அடுத்தது கஷ்டமாகப் போகிறது என்றும் தெரிந்தது.

"அடுத்த செவ்வாய்க்கிழமை முடிவு பண்றாங்க," என்றாள் டாம்சின். "ஹ்யூவுக்கு இந்த ஊர் ரொம்பப் பிடிச்சிருக்கு. மத்த ரெண்டு அறங்காவலரும் இங்க வரல. அவங்களுக்கு ஏதாவது காட்டணும். ஐரிஸ் ரெண்டு நிமிஷம் பேசினாப் போதும். நான் கேட்டா சங்கடப்படுவாங்க. நீங்க…"

"அது ஐரிஸ் இல்ல," என்றாள் வெர்னா.

கெய்லீனின் கை தண்ணீருக்குள் நின்றது. "என்னது?"

"அது ஐரிஸ் இல்ல. ஒருநாளும் இல்ல. அவ மேஜைத் துணி விரிச்சு உக்காந்துதான் சாப்பிடறா. அவளுக்கு யாரும் எதுவும் செஞ்சு அனுப்ப வேண்டாம். இதை நீயே எல்லாருக்கும் சொல்லிடு கெய்லீன், உன் குரலுக்கு ரெண்டு நாள் போதும்."

"நான் ஆட்டுக்கறி பண்ணிக் கொண்டுபோனேனே." கெய்லீனுக்கு முதலில் அதுதான் வந்தது. "பின்னே யாரு?"

"அதைச் சொல்ல மாட்டேன்."

கெய்லீன் மனதுக்குள் வீடு வீடாகப் போவது முகத்தில் தெரிந்தது. கடைத்தெரு, சர்ச் சந்து, ரயிலடி. கண் வெர்னாவின்மேல் வந்து, தாண்டிப் போய், திரும்பி வந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு கெய்லீன் தலையைக் குனிந்து, ஏற்கனவே தேய்த்த தட்டையே மறுபடி தேய்த்தாள்.

டாம்சின் இதையெல்லாம் கவனிக்கவில்லை. துணியை மடித்து வைத்துவிட்டு, குரலில் கெஞ்சலோடு பேசினாள். "சரி, பேர் வேண்டாம் வெர்னா. முகமும் வேண்டாம். குரல் மட்டும் பதிவு பண்ணிக்கலாம், ஊர் பேரைக் கூட எடுத்துடறேன். அதுவும் வேண்டாம்னா, நீங்களே இன்னொரு பக்கம் எழுதுங்க. இப்ப அவங்க எப்படி இருக்காங்க, வியாழக்கிழமை வந்து என்ன மாறுச்சு. உங்களுக்குத்தான் எழுத வருமே. அந்த ஒரு பக்கம் இருந்தா மூணு வருஷமும் உங்களுக்குத்தான். நான் மனசாரச் சொல்றேன்."

ஒரு பக்கம்தானே. வெர்னா அதை எழுதிப் பார்த்தாள், மனதுக்குள், அங்கேயே நின்றபடி. நன்றாகவே வந்தது. முதல் வாக்கியம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கார்ப் பயணம் வந்தது. "அக்கா" என்று கூப்பிட்டது வந்தது. அங்கே வந்ததும் பேனா நின்றது. இந்தப் பக்கத்தில் ராஸும் இருக்கிறார். சென்ற முறை அவரை ஒரு காலி நாற்காலியாக ஒளித்து வைக்க முடிந்தது. இன்னும் ஒரு பக்கம் என்றால் அவர் எழுந்து வருவார்: சுவரைப் பார்த்துக்கொண்டு, எச்சில் துடைக்கத் தெரியாமல், முன்பு ஊர்க் கூட்டங்களில் கடைசி வரிசையில் நின்று நக்கலடித்துக்கொண்டிருந்த அந்த மனிதர். விழாவில் நல்ல உடை உடுத்தினவர்கள் அவருக்காகக் கண் கலங்குவார்கள். உங்களைப் பற்றிச் சொல்லட்டுமா என்று அவரிடம் கேட்க முடியாது. கேட்கிற மாதிரி இருந்த நாளில் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

வெளியே பஸ் ஓட்டுநர் ஹார்ன் அடித்தார். வடக்குப் பண்ணைக்காரர்கள் ஒருவரையொருவர் கைபிடித்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நவம்பருக்குப் பிறகு இந்தச் சத்தம் இருக்காமல் போகலாம். அதையும் அவள் கேட்டுக்கொண்டாள்.

"டாம்சின், இன்னிக்கு அம்பத்தி மூணு பேர் சாப்பிட்டாங்க," என்றாள். "கறி மிச்சமில்ல. பஸ் நூத்தி முப்பது கிலோமீட்டர் ஓடியிருக்கு. பெரியவர் ரெண்டு தடவை உருண்டை வாங்கினார். இதெல்லாம் எழுதித் தரேன், எத்தன பக்கம் வேணும்னாலும்."

"அஞ்சாவது கேள்விக்கு?"

வெர்னா டாம்சினின் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டாள். அன்பாகத்தான் வாங்கினாள்.

"அதைக் காலியா விட்டுடுங்க," என்றாள். "அதுக்கு மேல நான் எழுதப் போறதில்ல."